பிரெக்கன்ரிட்ஜ்: பனிமலையில் ஒரு சீசன் வேலைக்குக் கிளம்பும் முன்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பனிச்சறுக்கு ஊரான பிரெக்கன்ரிட்ஜில், குளிர்காலம் முழுக்கச் சறுக்கு மலையை இயங்க வைப்பது அந்தப் பருவத்துக்கு மட்டும் வரும் சீசன் ஆட்கள்தான். மலையை நடத்தும் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2022-23 சீசனில் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 20 டாலராக்கியது. மாநிலம் 2025-க்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 14.81 டாலர்தான் என்பதால் இது பெரிதாகத் தெரியும். ஆனால் நேர்காணலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி என்பது.

பனி தாமதமானால், சறுக்குபவர்களை மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்டுகளில் பாதி ஓடாது, ஆளும் தேவைப்படாது. வாரம் 24 மணி நேரமே கிடைத்தால் கையில் 480 டாலர். சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் அதில் 7.65 சதவீதம், வருமான வரி தனி. வாடகை மட்டும் குறையாது. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த 7.65 சதவீதம் கிடையாது, ஆனாலும் தவறிப் பிடித்துவிடுவதுண்டு. முதல் பே ஸ்லிப்பிலேயே பார்த்து முதலாளியிடம் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் வரித்துறைக்குப் படிவம் 843 அனுப்ப வேண்டும்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் 50 மணி நேரம் உழைத்தால் ஓவர்டைம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். லிஃப்ட் வேலைக்கும் மலைமேல் உணவகங்களுக்கும் வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி என்ற விதியிலிருந்து மாநிலம் விலக்கு தந்திருக்கிறது. ஒரே நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டினால்தான் ஒன்றரை மடங்கு. தங்கும் விடுதி வேலைக்கு இந்த விலக்கு பொருந்தாது. உழைப்பவனுக்கு அநியாயமான விதி இது.

லிஃப்ட் வேலை பொத்தானை அழுத்துவதோடு முடிவதில்லை. ஆட்கள் ஏறும் இடத்தில் பனி தேய்ந்து பள்ளமாகும். நாற்காலி முழங்காலுக்குப் பின்னால் படாமல் இடுப்பில் மோதும், குழந்தைகள் ஏற முடியாது. அதனால் நாள் முழுக்க மண்வெட்டியால் பனியை அள்ளிப் போட்டு, வாரிச் சமன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஈடாகக் கிடைக்கும் பெரிய சலுகை, மலையில் சறுக்குவதற்கான இலவச பாஸ். உச்ச நாள்களில் ஒரு நாள் டிக்கெட் 250 டாலரைத் தாண்டும் இடம் இது. விடுமுறை நாளெல்லாம் சறுக்கப் போகிறவருக்கு இது தங்கம். சறுக்காதவருக்கு இதனால் ஒரு காசு பயனில்லை. ஊருக்குள் பேருந்து எல்லோருக்குமே இலவசம், கார் வேண்டாம்.

சம்பளத்துக்காகப் போராடியவர்களும் உண்டு. 2024 டிசம்பர் 27 அன்று, இதே வெய்ல் நிறுவனம் நடத்தும் யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி மலையில் மலை மீட்புப் பணியாளர்கள் தொடக்க ஊதியம் 21 டாலரை 23 ஆக்கக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுமுறைக் கூட்டம் நீண்ட வரிசையில் தவித்தது. இரண்டே வாரத்துக்குள் ஒப்பந்தம் வந்தது.

ஊழியர் குடியிருப்பு வேலையோடு கட்டுண்டது. நடுவில் வேலையை விட்டால் பாஸும் அறையும் சேர்ந்து போகும். அறைப் பகிர்வு, முன்பணம், காலி செய்யத் தரும் அவகாசம் மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே விமான டிக்கெட் எடுங்கள். முதல் சம்பளம் வரும்வரை மூன்று வாரச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும்.