அளவு நோட்டு நனைஞ்ச வாரம்

2 டிசம்பர் 2023, சனி, ராத்திரி

கார்த்திகை முகூர்த்தத் தையல் வேலை இன்னும் முடியல. தைக்கக் குடுத்த துணிக் கவர் எண்ணிப் பாத்தா 31 இருக்கு, அதுல 9 பட்டு. மடிப்பாக்கம் பொண்ணோட கல்யாண பிளவுஸ் துணி, ஆரி வொர்க்னு சொல்ற கை எம்பிராய்டரி முடிஞ்சு நேத்துதான் வந்துச்சு, 10ஆம் தேதி கல்யாணம், நான் இன்னும் வெட்டக்கூட இல்ல. டிவில வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம் புயலாகும்னு சொல்லிட்டே இருக்காங்க. பேரு ஒரு சேனல்ல மிச்சாங், இன்னொரு சேனல்ல மிக்ஜாம்னு சொல்றாங்க, மியான்மர் குடுத்த பேராம். அத்தை, "பேரே வாயில நுழையல, இது எங்க ஊருக்குள்ள நுழையப்போகுது"ன்னாங்க. அவங்க இப்படிச் சொன்னாலே எனக்கு வயித்தைக் கலக்கும். 2015ல சைதாப்பேட்டைல இருந்தப்பவும் இதே மாதிரிதான் ஏதோ சொன்னாங்க, அடுத்த நாள் அடையாறு வீட்டுக்குள்ள வந்து உக்காந்துச்சு.

3 டிசம்பர், ஞாயிறு

நாளைக்கு சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் நாலு மாவட்டத்துக்கும் லீவு. பையனுக்கு ஒரே சந்தோஷம், அரையாண்டு பரீட்சை தள்ளிப்போகும்னு இப்பவே கணக்கு போடுறான்.

இவரு பைக்கை வேளச்சேரி மேம்பாலத்துல கொண்டுபோய் விட்டுட்டு நடந்து வந்தாரு, ஏற்கனவே வரிசையா கார் நிக்குதாம். எங்க ஏரியாவுல மழைக்காலம்னா அதுதான் பார்க்கிங். கட்டில் காலுக்கு ரெண்டு ரெண்டு செங்கல் வச்சோம், ஃப்ரிட்ஜை டீப்பாய் மேல ஏத்துனோம், அரிசி மூட்டை பரண்ல. மோட்டார் மெஷினை கட்டிங் டேபிள் மேல வச்சாச்சு, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினை மட்டும் தூக்க முடியல, ஸ்டாண்டோட சேத்து அது ஒரு ஆள் கனம். "முழங்கால் வரைக்கும் வந்தா பாத்துக்கலாம்"னு இவரு சொன்னாரு, நானும் சரின்னுட்டேன். இதை எழுதி வைக்கிறேன், பின்னாடி யார் சொன்னதுன்னு சண்டை வரும்.

ராத்திரி 9 மணிக்கு மேல காத்து ஊளையிடுது. மழை நிக்காம கொட்டுது.

4 டிசம்பர், திங்கள்

விடிகாலை 3 மணிக்கு எழுந்தா கரண்ட் இல்ல. கட்டில்லருந்து கால வச்சா சில்லுன்னு இருந்துச்சு. வாசல்ல மணல் மூட்டை போட்டு பழைய போர்வை அடைச்சு எல்லாம் பண்ணியிருந்தோம், தண்ணி வாசல் பக்கமே வரல, பாத்ரூம் ஓட்டை வழியா குபுகுபுன்னு பொங்கிட்டு வருது, கருப்பா, நாத்தத்தோட. தெரு சாக்கடை நிரம்பினா அது வீட்டுக்குள்ள திரும்பி வர்ற வழி அதுதான்னு எனக்குத் தெரியும், ஆனா தூக்கக் கலக்கத்துல ஒண்ணும் தோணல. அத்தைதான், "ஏம்மா வேடிக்கை பாத்துட்டு நிக்கிற, குழவிய எடு"ன்னாங்க. லைனிங் துணிய உருண்டையா சுத்தி ஓட்டைல திணிச்சு, அதுமேல ஆட்டுக்கல் குழவிய நிக்க வச்சோம். ஒரு அரை மணி நேரம் நின்னுச்சு. அப்புறம் வாசல் வழியாவும் வந்துடுச்சு, இனிமே எந்த ஓட்டைய அடைச்சு என்ன.

அஞ்சரைக்கு மாடிக்குப் போனோம். முதல்ல அத்தைய இவரும் பையனும் நாற்காலில உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க, அவங்களுக்கு முட்டி மடங்காது. அப்புறம் நான் தூக்குனது கவருங்கதான். எங்க துணிமணி, ரேஷன் கார்டு, பையன் சர்ட்டிஃபிகேட் எல்லாம் ஒரே பைல இருந்துச்சு, அதுக்கு ஒரு தடவை. ஊரார் துணிக்கு ஆறு தடவை. முழங்கால் தண்ணில தலைல கவர் மூட்டைய வச்சுட்டு, ஒரு கையால சுவத்தைப் பிடிச்சுட்டு ஏறுனேன். எம்பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த புடவைன்னு ஒவ்வொருத்தரும் குடுக்கறப்ப முகம் எப்படி இருக்கும்னு தெரியும்ல, அதை எப்படி விட்டுட்டு வர்றது. 31 கவரும் மாடிக்குப் போயிடுச்சு. மேல போய் உக்காந்தப்புறம்தான் அளவு நோட்டு மெஷின் டிராயர்லயே இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. பதினோரு வருஷ அளவு அதுல இருக்கு.

மேல ஓனரம்மா வீட்ல அவங்க அஞ்சு பேர், நாங்க நாலு, பக்கத்து போர்ஷன்ல மூணு. ஒரு கக்கூஸ், அதுவும் தண்ணி ஊத்துனா திருப்பி எதுக்களிக்குது. ஓனரம்மா மாசாமாசம் மோட்டார் கரண்டுக்கு பத்து ரூபா விடாம கணக்கு பாக்கறவங்க, இன்னிக்கு வாயத் திறக்காம பன்னண்டு பேருக்கும் ரவா உப்புமா கிண்டுனாங்க. மொட்டை மாடில அண்டா வச்சு மழைத்தண்ணி பிடிச்சோம், அதுலதான் சமையல்.

மாடிப்படில டைலர் சாக்கால கோடு போட்டு வச்சேன். காலைல 8 மணிக்கு மூணாவது படி. மதியம் அஞ்சு. ராத்திரி 8 மணிக்கு ஆறு, டார்ச் அடிச்சுப் பாத்தா எங்க வீட்டு ஜன்னல் கம்பியோட கீழ்ப்பாதி தெரியல. ஓவர்லாக் எங்க இருக்குன்னு கேக்காதீங்க.

5 டிசம்பர், செவ்வாய்

மழை நேத்து ராத்திரியே விட்டுடுச்சு, காலைல வெயிலே அடிக்குது. நாங்க எல்லாம் வடிஞ்சுடும்னு நெனச்சு படிய எட்டிப் பாத்தா ஏழாவது படி நனைஞ்சிருக்கு. மழை இல்லாம தண்ணி ஏறுது! ஓனரம்மா பையன் செல்போன்ல 9% சார்ஜ், அதுல எஃப்எம் போட்டுக் கேட்டோம், புயல் ஆந்திராவுல பாபட்லா பக்கம் கரையக் கடக்குதாம். "சென்னைக்கு ஆபத்து நீங்கியது"ன்னு ஒரு குரல் ரொம்ப சந்தோஷமா சொல்லுச்சு. பையன் ஆஃப் பண்ணிட்டான்.

ஏன் ஏறுதுன்னு இவரு விளக்குனாரு, ஏசி வேலைக்கு ஊர் பூரா சுத்துறவரு, எந்தத் தண்ணி எங்க போகும்னு தெரியும். ஆதம்பாக்கம் பக்கத்துத் தண்ணி வீராங்கால் ஓடை வழியா எங்க பக்கம்தான் வருது, அது போய்ச் சேர வேண்டியது பள்ளிக்கரணை சதுப்புநிலம். அங்கயே கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரித்தண்ணியும் வந்து சேருது. இவ்வளவும் வெளிய போறதுக்கு ஒக்கியம் மடுவுன்னு ஒரே வாய், அதுலருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் தெக்க போய் முட்டுக்காடு பக்கம் கடல். புயல் நேரத்துல கடல் ஏறி நின்னா அது உள்ள வாங்காது. குடம் நிறைஞ்சப்புறம் ஊத்துனா எங்க போகும். ரெண்டு நாள்ல பெருங்குடில 40 செமீக்கு மேல பெஞ்சிருக்கு. சதுப்புநிலம் முன்ன இருந்த அளவுல ஒரு சின்னப் பங்குதான் இப்ப இருக்குங்கறாங்க, மிச்சத்தை குப்பைமேடும் கட்டடமும் ரோடும் தின்னுடுச்சு. 2022ல ராம்சார்னு உலக அளவுல முக்கியமான சதுப்புநிலங்களோட பட்டியல்ல சேத்து போர்டு வச்சாங்க, நல்லது, ஆனா தண்ணிக்குப் படிக்கத் தெரியாதே. நாங்க குடியிருக்கறதும் ஒரு காலத்துல அது படுத்த இடம்தான், அதையும் சொல்லணும். வாடகை கம்மின்னு வந்தோம். எதனால கம்மின்னு யார் கேட்டா.

மதியம் கீழ தண்ணில ஆகாயத்தாமரை கூட்டமா மிதந்து வந்து எங்க கேட்ல மாட்டிக்கிச்சு, அதுமேல ஒரு நீர்க்கோழி ஓனர் மாதிரி நடந்து போச்சு. பக்கத்து போர்ஷன் குழந்தை கைதட்டி சிரிச்சுது, ரெண்டு நாள்ல முதல் தடவையா.

அத்தைக்கு இன்சுலின் நாளைக் காலைக்கு மட்டும்தான் வரும்.

6 டிசம்பர், புதன்

ஹெல்ப்லைனுக்கு 40 தடவை போட்டிருப்போம், சிக்னல் கிடைச்சா என்கேஜ்டு, கிடைக்காட்டி ஒண்ணுமே இல்ல. காலைல பத்து மணிக்கு ஃபைபர் போட் ஒண்ணு தெருமுனைல தெரிஞ்சுது. அரசாங்க ஆளுங்க இல்ல, மீனவப் பசங்க, கடலுக்குப் போற போட்டை லாரில ஏத்திக் கொண்டு வந்து எங்க தெருவுல இறக்கியிருக்காங்க. மோட்டார் போட முடியாது, அடியில காரும் பைக்கும் கிடக்கு, அதனால மூங்கில் கழி ஊனித் தள்றாங்க, ரெண்டு பேர் கழுத்தளவு தண்ணில முன்னாடி நடந்து மேன்ஹோல் எங்கன்னு காலால தடவிட்டே வர்றாங்க.

அத்தை வரமாட்டேன்னு பிடிவாதம். "நீங்க போங்க, நான் ஓனரம்மாவோட இருக்கேன், யாராவது வீட்டைப் பாத்துக்க வேணாமா." பாத்துக்க கீழ என்ன இருக்கு. இவரு கெஞ்சுனாரு, நான் திட்டுனேன், ரெண்டும் வேலைக்கு ஆகல. கடைசில போட்லருந்து ஒரு தம்பி, "ஏறுங்க ஆயா, ஆமிர் கானையே நேத்து காரப்பாக்கத்துல போட்லதான் கூட்டிட்டு வந்தாங்க, உங்களுக்கு என்ன"ன்னு கேட்டான். யார்ரா அதுன்னு கேட்டுக்கிட்டே ஏறிட்டாங்க.

கவர் 31ஐயும் ஏத்தலாமான்னு கேட்டேன். தம்பி ஒரு பார்வை பாத்தான். "அக்கா, ஆள் ஏத்தற போட்." நியாயம்தான். மடிப்பாக்கம் பொண்ணோடத மட்டும் நைட்டிக்குள்ள செருகி துப்பட்டாவால இறுக்கிக் கட்டிக்கிட்டேன். மீதிய ஓனரம்மா பீரோல வச்சுப் பூட்டி சாவிய எங்கிட்டயே குடுத்தாங்க. அந்தம்மாவைப் பத்தி நான் இதுவரைக்கும் பேசுனது எல்லாத்துலயும் பாதிய வாபஸ் வாங்கிக்கறேன்.

போட்ல போறப்ப தெருவே வேற மாதிரி இருக்கு. நான் தினம் கீரை வாங்கற திண்ணை கண்ணுக்குத் தெரியல, இஸ்திரி வண்டியோட தகரக் கூரை மட்டும் தெரியுது. ஒரு வீட்டு பால்கனிலருந்து கயித்துல வாளி இறக்கி "பால் இருக்கா தம்பி"ன்னு கேட்டாங்க, இருந்த ரெண்டு பாக்கெட்டையும் போட்டான், காசு வாங்கல. மெயின் ரோட்ல இறங்குனா அங்க ஒருத்தர் அரை லிட்டர் 70 ரூபான்னு வித்துக்கிட்டு இருக்காரு. பல்லாவரத்துக்கு ஆட்டோ 900 கேட்டான், குடுத்தோம்.

7 டிசம்பர், வியாழன்

பல்லாவரத்துல நாத்தனார் வீடு மலையடிவாரத்துல, வீட்டுக்குள்ள சொட்டுத் தண்ணி வரல. அத்தைக்கு நேத்து சாயந்திரமே இன்சுலின் வாங்கிப் போட்டாச்சு. இங்கயும் கரண்ட் விட்டு விட்டுதான் வருது. ஆனா நாத்தனாரோட மாமியார் காலத்து கால் மெஷின் ஒண்ணு மூலைல கிடக்கு, மேல துணிமடிச்சு வச்சு டேபிளா பாவிக்கறாங்க. தூசி தட்டி, தேங்காயெண்ணெய் வேணாம் மெஷின் ஆயில்தான் வேணும்னு சண்டை போட்டு வாங்கி விட்டு, பெல்ட்டை வெட்டிச் சின்னதாக்கி மாட்டுனேன். ஓடுது!

ஆரி வொர்க்குல ஒரு நல்லது, துணில அளவு குறிச்சு அவுட்லைன் போட்டுட்டுத்தான் வேலைக்குக் குடுப்போம், வேலை முடிஞ்சுதான் வெட்டுவோம். அதனால இந்தப் பொண்ணு அளவு நோட்டை நம்பி இல்ல, துணிலயே இருக்கு. மெழுகுவர்த்தி வேணாம்னு மொட்டை மாடில வெளிச்சத்துல உக்காந்து வெட்டுனேன். கை நடுங்குச்சு, ரெண்டு நாளா சரியாத் தூங்கல. மணி, ஜர்தோசி எல்லாம் போட்ட துணி, ஒரு இன்ச் தப்புனா போச்சு.

9 டிசம்பர், சனி

வீட்டுக்குப் போனோம். தண்ணி வடிஞ்சு சேறு மட்டும் கணுக்கால் வரைக்கும். சுவத்துல கோடு போட்ட மாதிரி கறை, என் நெஞ்சளவு. ஃப்ரிட்ஜ் டீப்பாயிலருந்து மிதந்து போய் கதவுக்குக் குறுக்க படுத்துக்கிச்சு, கதவைத் திறக்கவே ஒரு மணி நேரம். ஓவர்லாக் உள்ள ஒரு சின்னக் கெளுத்தி செத்துக் கிடந்துச்சு. நாத்தம் எழுத்துல வராது.

டிராயர் ஊறி இறுகிப்போச்சு, ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பித் திறந்தேன். நோட்டு இருக்கு. பக்கம் பக்கமா பிரிச்சா முதல் அஞ்சு வருஷம் அப்படியே இருக்கு, பால்பாயிண்ட் பேனாவுல எழுதுனது. அப்புறம் எம்மவன் ஸ்டைலா இருக்கும்னு ஜெல் பேனா வாங்கிக் குடுத்தான்ல, அன்னிலருந்து எல்லாம் நீலக் கறைதான். இப்ப வர்ற கஸ்டமருங்க பூராவும் அதுலதான். அவன் மூஞ்சியப் பாத்து ஒண்ணும் சொல்லல.

குடும்பத்துக்கு 6000 ரூபா நிவாரணம்னு அறிவிச்சிருக்காங்களாம்.

10 டிசம்பர், ஞாயிறு

கல்யாணத்துக்குப் போகல, போற நிலைமைல இல்ல. பொண்ணோட அம்மா போன் பண்ணி அழுதாங்க. பிளவுஸ் கச்சிதமாம். நேத்து ராத்திரி பத்து மணிக்கு இவருதான் பைக்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தாரு. மேம்பாலத்துல விட்ட பைக், ஒரு கீறல் இல்ல. குடும்பத்துலயே புத்திசாலி அதுதான்.

18 டிசம்பர், திங்கள்

நேத்து முதலமைச்சர் வேளச்சேரிலதான் நிவாரணப் பணம் குடுக்கறத ஆரம்பிச்சு வச்சாரு. எங்க டோக்கன் இன்னிக்கு, ரேஷன் கடைல மூணு மணி நேரம் நின்னு 6000 வாங்கியாச்சு, பன்னண்டு 500 ரூபா நோட்டு. ஓவர்லாக் மோட்டார் மாத்த மெக்கானிக் 4500 சொல்றாரு. மிச்சத்துல ஃப்ரிட்ஜ் வரும்னு அத்தைகிட்ட ஜோக்கடிச்சேன், அவங்களுக்குப் புரியல, எந்தக் கடைலன்னு கேட்டாங்க.

புது நோட்டு போட்டிருக்கேன், பால்பாயிண்ட் பேனா. வர்றவங்க எல்லாருக்கும் திரும்ப அளவு எடுக்கறேன். "பழைய அளவேதான்க்கா, நான் அப்படியேதான் இருக்கேன்"னு எல்லாரும் சொல்றாங்க, டேப்பு ஒத்துக்க மாட்டேங்குது. ஒருத்தருக்கு மூணு இன்ச். வாயத் திறக்காம எழுதிக்கிட்டேன்.

பாத்ரூம் ஓட்டைல குழவி இன்னும் நிக்குது. எடுக்கக் கூடாதுன்னு அத்தை உத்தரவு. குளிக்கறவங்க நகத்தி வச்சுட்டு குளிச்சுட்டு திரும்ப அதே இடத்துல வச்சுட்டு வரணும், வெளிய வந்ததும் "வச்சியா"ன்னு கேக்கறாங்க.