தம்பியின் வழக்கு: என் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

கொலையான தம்பியின் உடலை இன்றும் தரவில்லை. பிரேதப் பரிசோதனை முடிந்துவிட்டது. விசாரணை அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்களாம். தம்பியின் கைப்பேசி, பர்ஸ், சட்டை எல்லாம் சாட்சியப் பொருளாகிவிட்டன. வழக்கு, மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும் என்றார்கள். எடுத்துப்போனவற்றுக்குப் பட்டியல் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கைப்பேசியில் அவன் குரல் இருக்கிறது.

பிப்ரவரி 11

துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் அம்மாவிடம், "அந்த நேரத்துல அவன் அங்க எதுக்குப் போனான்?" என்று கேட்டார். நோயில் போனவனைப் பற்றி யாராவது இப்படிக் கேட்பார்களா? கொன்றவனை விட்டுவிட்டுச் செத்தவனை விசாரிக்கிறார்கள். அம்மா பதில் சொல்லவில்லை. நான் அவரை எழுந்து போகச் சொன்னேன்.

மார்ச் 2

இன்று ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். பொறுமையாகப் பேசினார். அரசு வழக்கறிஞர் அரசுக்காக வாதாடுபவர், எங்கள் குடும்பத்தின் வக்கீல் அல்ல என்பதை முதலில் புரியவைத்தார். குற்றம் அரசுக்கு எதிரானதாகக் கருதப்படுவதால், பறிகொடுத்தவர்கள் பல சமயம் வெறும் சாட்சிகளாக நிற்க வேண்டியிருக்கிறது. கேட்டதும் எனக்கு நெஞ்சு எரிந்தது. அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை!

அப்புறம் 1985-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பிரகடனத்தைப் பற்றிச் சொன்னார். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதியைப் பற்றியது. அதன்படி, பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் நெருங்கிய குடும்பத்தாரும் வரலாம். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், தண்டனை பெறாவிட்டாலும் அது மாறாது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல வேண்டும், எங்கள் கவலைகளை உரிய கட்டத்தில் முன்வைக்க இடம் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நேரடியாகக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் எவ்வளவு சேர்த்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்த வரிகளைப் படித்தபோது, யாரோ எங்களையும் நினைத்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஜாமீன் மனு வந்தால் எங்களுக்குத் தெரிவிக்கும்படி எழுத்தில் கேட்டுவிட்டோம். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

ஏப்ரல் 19

ஜாமீன் மறுக்கப்பட்டது. இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 8

பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. படிப்பதா வேண்டாமா என்பது என் முடிவு என்று வழக்கறிஞர் சொன்னார். நான் படிக்கவில்லை. தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அவன் ரொம்ப நேரம் துடித்தானா? இல்லை, சீக்கிரமே நினைவு தப்பியிருக்கும் என்றார். அவர் எனக்காகப் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். இத்தனை மாதமாக அந்தக் கடைசி நிமிடங்களை நானே விதவிதமாகக் கற்பனை செய்து செத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கு ஓர் எல்லை கிடைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 14

மனநல ஆலோசகரிடம் போனேன். குறைந்தது ஆறு மாதம் கடந்தும் அன்றாட வாழ்க்கையை முடக்கும் தீராத துயரத்தை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனி நிலையாகவே சொல்கிறதாம். சரி, எங்கள் துக்கம் நாள்பட்டு ஆற விடுகிறார்களா? ஒவ்வொரு வாய்தாவும் ஆறின புண்ணைக் கீறிவிடுகிறது. அதை அவரிடம் சொன்னேன். வாய்தாவுக்கு முந்தின நாளும் மறுநாளும் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். ஆறுதல் சொன்ன எல்லோரையும்விட இவர் உதவினார்.

செப்டம்பர் 23

இழப்பீட்டு விண்ணப்பம். அம்மா பேனாவைத் தொடவே இல்லை. "என் பிள்ளை உசுருக்கு விலையா?" என்றாள். விலை இல்லைம்மா, ஈமச் செலவுக்கும் அவன் சம்பாத்தியம் நின்றுபோனதற்கும் அரசு செய்ய வேண்டிய கடமை என்றேன். 1963-இல் நியூசிலாந்து இதற்கென்றே சட்டம் போட்டது. பிறகு பல நாடுகளிலும் வந்தது. கடைசித் தேதி தவறினால் கேட்கவே முடியாமல் போகலாம். கொன்றவன்மேல் தனியாக உரிமையியல் வழக்குப் போடும் வழியும் உண்டு, அங்கே நிரூபிக்க வேண்டிய அளவும் குறைவு. அதெல்லாம் பிறகு. சாயங்காலம் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

நவம்பர் 17

நாளை விசாரணை தொடங்குகிறது. கொன்றவன் வீட்டாரோடு ஒரே நடையில் நிற்க முடியாது என்று தனி அறை கேட்டோம், ஒதுக்கியிருக்கிறார்கள். புகைப்படங்களைக் காட்டுவதற்குமுன் ஜாடை காட்டுவதாக அரசு வழக்கறிஞர் ஒத்துக்கொண்டார். அப்போது அம்மாவை வெளியே அழைத்துப்போகச் சித்தி வருகிறாள். நான் உள்ளேயே இருக்கப்போகிறேன்.