கியர் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

கியர் முரண்டு பிடிக்கிறது என்றதுமே "இறக்கிப் பார்த்துடலாம் சார்" என்கிற மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பார்த்தாரா? மேனுவல் கியர் காரில் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லா கியரும் லேசாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் முதல் கியரும் ரிவர்ஸும் மட்டும் அடம் பிடித்தால், பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். பெடலை மிதித்த பிறகும் கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலை உரசுகிறது. அதனால் கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட் நிற்காமல் சுற்றுகிறது. உறுதி செய்துகொள்ள, நியூட்ரலில் கிளட்சை முழுக்க மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு, வேகத்தைச் சமன் செய்து கியரைச் சேர்க்கும் சிங்க்ரோனைசர் கிடையாது. பொறுத்த பிறகும் 'கர்ர்' என்று கத்தினால் பிளேட் விடவில்லை.

முதலில் பெடலுக்கு அடியில் மிதியடி மடங்கிக் கிடக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மிதியடி போட்ட கார்களில் பெடல் கடைசி வரை போவதே இல்லை. கேபிள் கிளட்ச் என்றால் ஃப்ரீ பிளே (பெடலின் வெற்று ஆட்டம்) அதிகமாகியிருக்கும். கேபிள் உள்ளே பிரிபிரியாக அறுந்தும் இருக்கலாம். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பெடலை நான்கைந்து முறை வேகமாக அடித்துவிட்டுப் போடுங்கள். அப்போது கியர் விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் கசிவு அங்கேதான். மழையில் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கதையே வேறு: துருவில் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்ஜின் அணைந்திருக்கும்போதும் கடினமா? ஒரு கியர் மட்டும் தடுத்தால் வண்டியை அரை அடி உருட்டிவிட்டு மறுபடி போடுங்கள். பல்லோடு பல் முட்டி நின்றிருக்கலாம். எல்லா கியரும் கடினம் என்றால், முன்சக்கர இழுவை வண்டிகளில் பானெட்டைத் திறந்து, கியர் கேபிள்களை கியர்பாக்ஸ் பக்கம் கழற்றி, அங்கிருக்கும் லீவரைக் கையால் அசையுங்கள். அது லேசாக அசைந்தால் கோளாறு கேபிளிலோ அதன் இணைப்பில் இருக்கும் பிளாஸ்டிக் வளையமான புஷ்ஷிலோ இருக்கிறது. சில நூறு ரூபாய் புஷ்ஷுக்காக கியர்பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டு.

ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமாக மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது, கத்தினால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் சிங்க்ரோதான், சந்தேகமே வேண்டாம். போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் கியரை நகர்த்தும் செலெக்டர் ஃபோர்க், அதை இடத்தில் நிறுத்தும் டீடென்ட் ஸ்பிரிங், கியரின் பிடிப்புப் பற்கள் மூன்றையும் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கிறதா பாருங்கள்.

ஆயில் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் "இது அதைவிட ஒசத்தி" என்று ஜிஎல்-5 ஊற்றிவிடுவார்கள். ஜிஎல்-5, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்ட் (அச்சு விலகிப் பொருந்தும்) கியருக்காக வந்தது. அதில் கூடுதலாக இருக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை நாளடைவில் அரிக்கக்கூடும். வழுக்கல் அதிகம் என்பதால் ரிங் பிடித்து வேகத்தைச் சமன் செய்யவும் திணறும். காலையில் மட்டும் கியர் இறுகி, பத்து நிமிடம் ஓடியபின் சரியானால் ஆயில் தடிமனானது என்று கொள்ளலாம். அளவைப் பார்க்க, சமதரையில் நிறுத்தி ஃபில்லர் போல்ட்டைக் கழற்றினால் பெரும்பாலான பெட்டிகளில் ஆயில் துளையின் விளிம்பைத் தொட வேண்டும்.

ஆயிலை வடிக்கும்போது டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பு. ஆயிலில் மஞ்சள் மினுமினுப்பு என்றால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. காந்தத்தில் இரும்புச் சில்லு என்றால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அப்போது இறக்கத்தான் வேண்டும். இறக்கியபின் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றின் தேய்மானத்தையும், கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிடுங்கள், கூலி ஒன்றுதான்.