நாராவில் ஒரு தணிக்கை

என் அத்தை கூட்டுறவுத் தணிக்கையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது சம்பளத்துக்கு மட்டும்தான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, இலைக்கு எத்தனை ஜாங்கிரி என்று தீர்மானித்தது யார், மீந்தது எங்கே போகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் சாதத்தைப் பிசைவார். அப்படிப்பட்டவர் ஒசாகாவில் என் வீட்டுக்கு வந்த கையோடு, "பக்கத்தில் நாரா என்று ஒரு ஊர் இருக்கிறதாமே" என்று ஆரம்பித்தபோது நான் உஷாரானேன். நாரா எனக்குப் பழக்கமான ஊர்தான். ஆனால் ஊரைச் சுற்றுவது வேறு, அத்தையோடு சுற்றுவது வேறு.

ஜப்பானில் பல ஊர்களில் தன்னார்வ வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கட்டணம் கிடையாது, அவர்களுடைய வண்டிச் சத்தம், நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு ஆகியவற்றை நாம் பார்த்துக்கொண்டால் போதும். அப்படி ஒருவரை ஏற்பாடு செய்தேன்.

"காசு வாங்க மாட்டாரா? பிறகு எதற்காக வருகிறார்?" ஒசாகாவின் நம்பா நிலையத்தில் ரயில் கிளம்பியதிலிருந்து நாரா வரும்வரை, கிட்டத்தட்ட நாற்பது நிமிடமும், அத்தைக்கு இதே சந்தேகம்.

கின்டெட்சு நாரா நிலையத்துக்கு வெளியே நீரூற்றுக்கு நடுவில் கியோகி என்ற துறவியின் சிலை நிற்கிறது. ஊரில் யாரை யார் சந்திப்பதானாலும் அங்கேதான். நாங்கள் பத்து நிமிடம் முன்னதாகவே போனோம். அவர் அதற்கும் முன்னதாக வந்து நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தொப்பி, முதுகுப் பை, கையில் தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு. அந்தக் கோப்பைப் பார்த்ததும் அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதன் பொருள் தெரிந்தவன் என்பதால் எனக்கு அடிவயிறு கலங்கியது.

பெரிய புத்தர் சிலைக்காக ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டியவர் இந்தக் கியோகிதான் என்று தொடங்கினார் வழிகாட்டி. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"வசூல் செய்தாரா? கணக்கு இருக்கிறதா என்று கேள்."

கேட்டேன். "நல்ல கேள்வி," என்று தலை வணங்கிவிட்டு அவர் கோப்பைப் புரட்டினார். இருந்தது! தோதாய்ஜி கோயிலின் பழைய ஏட்டில் உள்ளபடி மரம் கொடுத்தவர்கள் 51,590 பேர், உலோகம் கொடுத்தவர்கள் 3,72,075 பேர். அத்தை அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கடைசியில் எழுபத்தைந்து என்று போட்டிருக்கிறான். பொய்க் கணக்கு எழுதுகிறவன் முழு எண்ணாகத்தான் எழுதுவான். சரி, மேலே போகலாம்."

பூங்காவுக்குள் நுழைந்ததும் மான்கள் சூழ்ந்துகொண்டன. ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கட்டும் இல்லை, வேலியும் இல்லை. காசுகா ஆலயத்துத் தெய்வம் வெள்ளை மானில் ஏறி வந்ததாக ஐதீகம், அதனால் இவை தெய்வத்தின் தூதர்கள். முற்காலத்தில் மானைக் கொன்றால் தலை போகுமாம். வாசலில் மான் செத்துக் கிடந்தால் பழி வந்து சேருமே என்று பயந்து நாராக்காரர்கள் விடியுமுன் எழுந்து வாசலைப் பார்ப்பார்கள் என்றும், செத்த மான் கிடந்தால் சத்தமில்லாமல் அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்த்திவிடுவார்கள் என்றும் ஒரு பழங்கதை. "இடமாற்றப் பதிவு," என்றார் அத்தை, அனுபவத்தோடு.

மானுக்குப் போடும் பிஸ்கட்டை வழிகாட்டி வாங்கித் தந்தார். ஒரு கட்டு 200 யென். அரிசித் தவிடும் மாவும்தான், சர்க்கரை இல்லை. கட்டைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருந்தது. பணம் யாருக்குப் போகிறது என்று அத்தை கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: மான்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை இந்தப் பட்டையை விற்கிறது, பிஸ்கட் செய்பவர்கள் வாங்கிச் சுற்றுகிறார்கள், அந்த வருமானம் மான்களுக்கு. மான் விழுங்கினாலும் தீங்கில்லாதபடி சோயா மையில் அச்சடிக்கிறார்கள். "முத்திரைத்தாளையே சாப்பிடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள்!" என்று அத்தை மலைத்து நின்றார்.

நாரா மான்கள் தின்பண்டத்துக்காகத் தலை குனியும். ஒரு மான் அத்தையைப் பார்த்துக் குனிந்தது. அத்தை பதிலுக்குக் கும்பிட்டார். அத்தை கும்பிட்டது தன்னைத்தான் என்று நினைத்து வழிகாட்டி வணங்கினார். அவர் வணங்கியதைப் பார்த்து மான் மறுபடி குனிந்தது. இதில் யார் முதலில் நிறுத்துவது மரியாதை என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நிறுத்தியது மான்தான். வழிகாட்டியின் கோப்பிலிருந்து துருத்திக்கொண்டிருந்த நிகழ்ச்சி நிரலை இழுத்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் மதிய உணவு என்ற வரி வரைக்கும் மென்றுவிட்டது.

அவர் பதறவில்லை. மீதியை அதன் வாயிலிருந்து மீட்டுவிட்டு, முதுகுப் பையைத் திறந்து அதே நிரலின் நகலை எடுத்தார்.

"நகல் வைத்திருக்கிறார்," என்று அத்தை என் காதில் சொன்னார். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைகளுக்குக்கூட இந்தக் குரல் கிடைத்ததில்லை.

இருந்தாலும் விடுவாரா? சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "இத்தனை மான் இருக்கிறதே, புழுக்கையை யார் அள்ளுகிறார்கள்?" என்றார். இதை ஆங்கிலத்தில் எப்படி நாகரிகமாகக் கேட்பது என்று நான் தடுமாற, வழிகாட்டி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு ஒரு பக்கத்தைத் திறந்தார். நீலக் கல் போல மினுக்கும் ஒரு வண்டின் படம். சாண வண்டு. மான் புல்லைத் தின்கிறது, வண்டு புழுக்கையை மண்ணில் சேர்க்கிறது, மண்ணில் மறுபடி புல் வளர்கிறது. சம்பளப் பட்டியலே இல்லாத துப்புரவுத் துறை.

தோதாய்ஜி மண்டப வாசலில் சிவப்புத் துணி போர்த்திய ஒரு மரச்சிலை உட்கார்ந்திருக்கிறது. பின்சுரு. நமக்கு எங்கே நோவோ, சிலையின் அதே இடத்தைத் தடவிவிட்டு நம்மையும் தடவிக்கொள்ள வேண்டும். அத்தை முழங்காலில் ஆரம்பித்து, இடுப்பு, தோள், கண் என்று வரிசையாகப் போனார். பின்னால் கூட்டம் பொறுமையாக நின்றது. இவர் புத்தரின் சீடர், முழுப் பெயர் பிண்டோல பாரத்வாஜர், சித்து வேலை காட்டியதற்காகக் கண்டிக்கப்பட்டவர், அதனால்தான் வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று வழிகாட்டி சொன்னார். "பாரத்வாஜரா? நம் வீட்டுக் கோத்திரம்," என்று அத்தை சிலையின் கையை உரிமையோடு இன்னொரு முறை தடவினார். உள்ளே விடாததைப் பற்றிக் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

உள்ளே புத்தர், சுமார் 15 மீட்டர் உயரம். மண்டபம் இரண்டு முறை போர்த் தீயில் எரிந்து, இப்போதிருப்பது 1709-இல் முடிந்தது. பணமும் மரமும் போதாமல் அகலத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். "மதிப்பீட்டுக்குள் முடித்திருக்கிறார்கள்," என்று அத்தை அதையும் பாராட்டினார். 752-ஆம் ஆண்டு இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து வந்த துறவி போதிசேனர். அவர் பிடித்த தூரிகையில் நீளமான நூலைக் கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம்.

"தூரிகை இப்போது எங்கே?"

"ஷோசோயின் பொக்கிஷசாலையில் இருக்கிறது. நூலும் இருக்கிறது."

அத்தை சற்று நேரம் பேசவில்லை. ஒரு சங்கத்தில் மூன்று வருஷத்துப் பேரேட்டைக் கரையான் தின்றுவிட்டது என்று சொல்லி அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இங்கே 1,200 வருஷத்து நூலைச் சுருட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

மண்டபத்தில் ஒரு தூணின் அடியில் ஓட்டை உண்டு. புத்தரின் மூக்குத் துவாரத்தின் அளவாம். நுழைந்து வெளியே வந்தால் புண்ணியம். குழந்தைகள் வழுக்கிக்கொண்டு போனார்கள். அத்தை ஓட்டையைச் சாணால் அளந்துவிட்டு, "இடது மூக்கா, வலது மூக்கா?" என்றார்.

கோப்பு புரண்டது. முன்னும் புரண்டது, பின்னும் புரண்டது. "மிக நல்ல கேள்வி," என்று சொல்லிவிட்டு அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அத்தைக்கு அன்றைய சோறு செரித்தது.

காசுகா ஆலயத்தில் கல்லிலும் வெண்கலத்திலுமாக சுமார் 3,000 விளக்குகள். அந்தச் 'சுமார்' பிடிக்காமல் அத்தை எண்ண ஆரம்பித்தார். மழை வந்து எங்களைக் காப்பாற்றியது.

மாலையில் நாராமாச்சியின் குறுகிய தெருவில் கணக்கு முடிக்கும் நேரம் வந்தது. அத்தை ஒரு உறையை நீட்டினார். உள்ளே 1,001 யென். அந்த ஒரு யென்னுக்காகக் காலையிலேயே என் சில்லறை டப்பாவைத் துழாவியிருந்தார். வழிகாட்டி இரண்டு கையாலும் வாங்கி, நெற்றிவரை உயர்த்தி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். நாள் முழுக்க நான் கூப்பிட்டதைக் கேட்டு, அதுதான் பெயர் என்று நினைத்துவிட்டார்போல. "அத்தை-சான், விதியில் இடமில்லை," என்றார், பெயரோடு ஜப்பானிய மரியாதை விகுதியும் சேர்த்து.

விதி என்றதும் அத்தை அடங்கினார். ஆனால் பைக்குள்ளிருந்து மஞ்சள் பையில் கட்டிய முறுக்கு வெளியே வந்தது. தின்பண்டம் பணம் ஆகாதே! அவர் மகிழ்ந்து வாங்கிக்கொண்டு, "ஒரு நிமிடம்" என்று எதிர்க் கடைக்குள் போய், நாராசுகே ஊறுகாய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பற்று மறுபடி எங்கள் பக்கம் ஏறிவிட்டது. அத்தையின் பையில் வேறு எதுவும் மிச்சமில்லை.

நேர்மையான மனிதர், கொடுக்கும்போதே விளக்கிவிட்டார்: வெள்ளரி வகைக் காய், அரிசி மது வடித்த கசடில் மாதக்கணக்கில் ஊறியது, சாராய வாசனை இருக்கும்.

நான் அதை ஓர் எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன். அத்தை ரயிலில் வாய் திறக்கவில்லை. இரவு தயிர்சாதத்தின் ஓரத்தில் இரண்டு துண்டு வைத்துக்கொண்டு, கடித்து, கண்ணை மூடி, மூன்றாவதையும் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்ததும் தணிக்கைக் குறிப்பு வெளியானது:

"வடித்தது வேறு, கசடு வேறு. இரண்டுக்கும் தலைப்பே வேறுடா. அந்தப் பொட்டலத்தை இப்படித் தள்ளு."