காவிரிக்கரைக்காரி நிற்கிற தண்ணீர் தேடிப் போன கதை

ஈரோடு ஜங்ஷனில் நடுச்சாமம் தாண்டி வரும் ஆலப்புழை எக்ஸ்பிரசுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் என் தோளில் தொங்கும் நீளப் பையைப் பார்த்துக் கேட்டுவிடுவார். கிட்டாரா, வில்லா, தூண்டிலா. ஒருமுறை ஒரு பெரியம்மா, "ஏங்கண்ணு, கோயிலுக்கு வேல் கொண்டு போறயா?" என்றார். துடுப்பு என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: கூடுதுறை இருக்கிற பவானியில் பிறந்தவள், இரண்டு ஆறு ஓடுகிற ஊர்க்காரி, துடுப்புப் போட ஆலப்புழை வரைக்கும் எதற்குப் போகோணும்? நியாயமான கேள்விதான். மூன்று வருடமாகப் பிளாட்பாரத்தில் நின்று பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் போடுவது ஸ்பிரிண்ட் கயாக். அசையாத தண்ணீரில், நேர்கோட்டில், 200, 500 அல்லது 1000 மீட்டர். ஒன்பது லேன், ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் அகலம், லேனைப் பிரிக்க மிதவைகள். உட்கார்ந்துகொண்டு, இரண்டு முனையிலும் இலை உள்ள துடுப்பால் இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட்டால் கயாக். ஒரு முழங்காலை மடித்து மண்டியிட்டு ஒரே பக்கம் போட்டால் கேனோ. ஒருவர் மட்டும் போகிற கயாக்குக்கு கே-1 என்று பெயர். அதிகபட்சம் 5.2 மீட்டர் நீளம், குறைந்தது 12 கிலோ எடை, அகலம் என் இடுப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம். படகு என்பதைவிட முருங்கைக்காய் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இந்த விளையாட்டில் எல்லாமே நேரக்கணக்கு. ஓடுகிற ஆற்றில் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. தண்ணீரோடு போனால் நான் லிசா காரிங்டன், எதிர்த்துப் போனால் சேற்றில் மாட்டிய எருமை. (நியூசிலாந்துக்காரர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 500 மீட்டரை 1 நிமிடம் 48 விநாடிக்குள் முடித்துத் தங்கம் வாங்கியவர். என் நேரம் கடைசியில் வரும், சிரிக்கக் கூடாது.)

எங்கள் காவிரியில் நிற்கிற தண்ணீரே இல்லை என்று சொன்னால் பொய். மேட்டூரை விட்டு இறங்கியதும் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரம் எடுக்கிற கதவணைகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆறு குளம் மாதிரி தேங்கி நிற்கும். நெரிஞ்சிப்பேட்டைக்கும் எதிர்க்கரைப் பூலாம்பட்டிக்கும் விசைப்படகு ஓடுவதும், ஞாயிற்றுக்கிழமையானால் குட்டிக் கேரளா என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் வந்து குவிவதும் அந்தத் தேங்கின தண்ணீரால்தான். என் அம்மாயி வீடு, அதாவது அம்மாவைப் பெற்றவள் வீடு, நெரிஞ்சிப்பேட்டையில். அப்பிச்சி, அம்மாவின் அப்பா, பரிசலில் மீன் பிடித்தவர். கோடை விடுமுறை முழுக்க எனக்கு அந்தத் தண்ணீர்தான்.

ஆனால் அந்தத் தண்ணீரை நம்பி அட்டவணை போட முடியாது. கதவணையில் பராமரிப்பு வேலை என்று ஷட்டரைத் தூக்கிவிட்டால் இரண்டு நாளில் பாறை பல்லைக் காட்டும், படகு ஓடாது, ஊரே சேற்றில் இறங்கி மீன் பிடிக்கும். அப்புறம் மேட்டூர் நிரம்பிவிட்டால் நேரெதிர். 2018 ஆகஸ்டிலும் 2024-லும் வந்த மாதிரி லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டால், கரையில் மைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்காதே என்று சொல்லிக்கொண்டு போவார்கள், இறங்குகிறவன் முட்டாள். மிச்ச மாதங்களில் ஒன்று ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று கொங்கு நாடு முழுக்க என்ன பாடு படுத்தும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மியே பறக்கிற காற்றில் 12 கிலோ படகு எங்கே நிற்கும்?

சரி, தண்ணீர்க் கதை இருக்கட்டும். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கல்லூரி ஹாஸ்டலில். குட்டநாட்டுக்காரச் சேச்சி ஒருவர் பக்கத்து அறையில் இருந்தார், பள்ளிக்கூடத்தில் இருந்தே கயாக் போட்டவர். நான் பரிசல் ஓட்டுவேன் என்று பெருமையாகச் சொன்னதும், "எங்கில் லீவுக்கு வா மோளே" என்று ஒரே வார்த்தையில் அழைத்துவிட்டார். அம்மா, "ஒறம்பரை கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று இரண்டு நாள் பேசவில்லை. அப்பாதான், "நீச்சல் தெரிஞ்ச புள்ளை, போயிட்டு வரட்டும்" என்று சீட்டுப் போட்ட பணத்தில் மூவாயிரம் எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாள் பதினொரு தடவை தண்ணீரில் விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் படகைக் கரைக்கு இழுத்து வந்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக் கவிழ்த்து, உள்ளே புகுந்த தண்ணீரை ஊற்றி, மறுபடியும் ஏற வேண்டும். இதில் பரிசல் அனுபவம் உதவவில்லை என்பது மட்டுமில்லை, கெடுத்தது. பரிசல் ஆடினால் என்ன செய்வோம்? குனிந்து உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துக்கொள்வோம். கே-1-ல் விளிம்பைப் பிடித்த அடுத்த நொடி தலைகீழ். அதில் பிடிமானமே துடுப்புதான். இலை தண்ணீருக்குள் இருக்கிற வரைக்கும் படகு நிற்கும், போட்டுக்கொண்டே இருந்தால் சைக்கிள் மாதிரி நிற்கும், பயந்து கையைத் தூக்கினால் போச்சு. பயந்தால் பிடித்துக்கொள் என்று பத்து வருடமாக உடம்பு கற்றுக்கொண்டதை, பயந்தால் போடு என்று மாற்ற எனக்கு முழுசாக மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் என்னைவிட ஆறு வயது சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் சர் சர் என்று போய்க்கொண்டிருந்தன, அது தனி அவமானம்.

விழாமல் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பாடம். நான் கையால் இழுத்துக்கொண்டிருந்தேன். கோச் சார் மோட்டார் படகில் பக்கத்திலேயே வந்து "காலு! காலெவிடே?" என்று கத்துவார். உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கால் எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. வலப்பக்கம் துடுப்பை முக்கும்போது வலக்காலால் முன்னால் இருக்கிற பலகையை உதைக்க வேண்டுமாம், அந்த உதை இடுப்பைத் திருப்பி, இடுப்பு முதுகைத் திருப்பி, முதுகுதான் துடுப்பை இழுக்குமாம். கை சும்மா கொக்கி. ஒரு நாள் ஊருக்கு வந்திருந்தபோது அப்பா குழித்தறியில் ஜமக்காளம் நெய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பார்க்கிறவர்களுக்குக் கைதான் தெரியும், நாடா போவதும் வருவதும். குழிக்குள் கால் இரண்டும் ஓயாமல் மிதித்துக்கொண்டே இருக்கும். "அப்பா, வேலை முடிஞ்சா எங்க வலிக்கும்?" என்று கேட்டேன். "இடுப்பும் தொடையுந்தாங்கண்ணு, கை என்னத்துக்கு வலிக்குது" என்றார். அடுத்த முறை ஆலப்புழை போனபோது சார் கத்துவது பாதியாகக் குறைந்தது.

ஆலப்புழையைப் பற்றி ஒரு வார்த்தை. நேரு கோப்பை வள்ளங்களி என்கிற படகுப் பந்தயம் நடக்கிற புன்னமடைக் காயல் பக்கம்தான் எங்கள் பயிற்சி. நூறு பேருக்கு மேல் ஏறுகிற சுண்டன் வள்ளம் போகிற தண்ணீரில், ஒரு ஆள் படகை நிமிர்த்தி வைக்க நான் போராடிக்கொண்டிருந்தேன். காலை ஐந்தரைக்கு இறங்கி எட்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும், அதற்கு மேல் ஹவுஸ்போட்டுகள் கிளம்பிவிடும், அது கிளப்புகிற அலையில் நாம் காலி. ஆகாயத்தாமரை இன்னொரு எதிரி. கொத்தாக மிதந்து வந்து அடியில் இருக்கிற சின்னச் சுக்கானில் சுற்றிக்கொண்டால் படகைத் திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், மீன் அருமை, ஆனால் பத்தாம் நாள் குண்டு அரிசிச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அம்மா வைக்கிற அரிசியும் பருப்பும் சாதத்தை நினைத்து நான் அழுதது நிஜம்.

அங்கே எல்லாருக்கும் ஒரு பழைய கதை தெரியும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஜானி ரோமல், சிஜி சதானந்தன் இருவரும் இரட்டையர் கேனோ 1000 மீட்டரில் வெண்கலம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு இதே பிரிவில் அடுத்த வெண்கலம் 2023 அக்டோபரில்தான், ஹாங்சோவில், அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் ஜோடி. நடுவில் இருபத்தொன்பது வருடம். அந்தச் செய்தி வந்த அன்று மெஸ்ஸில் பாயசம் ஊற்றினார்கள்.

இரண்டாவது வருடம் ஒரு பழைய ஃபைபர் கே-1 விலைக்கு வந்தது, முப்பதாயிரம். வாங்கியது பெரிதில்லை, கொண்டுவந்ததுதான் பெரிய கூத்து. ரயிலில் ஏற்ற முடியாது. கடைசியில் ஈரோட்டுக்கு வெறும் வண்டியாகத் திரும்புகிற லாரி ஒன்றில், மேலே பழைய மெத்தை விரித்துக் கட்டினோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இது என்ன ஏவுகணையா என்று கேட்டதாக டிரைவர் அண்ணன் சொன்னார், உண்மையா கதையா தெரியாது. அப்பிச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பரிசல் கவுந்தா ஓட்டறவன் தப்பு. இது கவுராம இருந்தாத்தான் அதிசயம்மணி" என்று சொல்லிவிட்டு, நான் தண்ணீரில் இறங்குகிற நாளெல்லாம் பத்தடி தள்ளிப் பரிசலைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். எழுபத்திரண்டு வயது.

நெரிஞ்சிப்பேட்டையில் தனியாகப் போட்ட ஆறு மாதத்தில்தான் ஒன்று உறைத்தது. தண்ணீர் ஜோராக நின்றது, நான்தான் வேகமாகவில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நம்மை நாமே எவ்வளவுதான் துரத்த முடியும்? பக்கத்து லேனில் ஒருத்தி அரைப்படகு முன்னால் போனால் வருகிற கோபம் தனியாக இருக்கும்போது வராது. மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு ஆலப்புழை வண்டிக்கு நின்றதற்குக் காரணம் அதுதான், அந்தப் பெரியம்மாவுக்கு இதைச் சொல்ல நேரமில்லை.

போபால் போட்டிக்குக் கேரளா எக்ஸ்பிரசில் போனோம். ஈரோட்டில் ராத்திரி ஏறினால் மறுநாள் பகல் முழுக்க ஆந்திராவும் தெலங்கானாவும், அடுத்த விடிகாலை இருட்டில் போபால். துடுப்பை இரண்டாகக் கழற்றி பெர்த்தில் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டேன். ராஜா போஜன் பதினோராம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்கிற பெரிய ஏரியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது, எதிர்க்கரை கண்ணுக்கு எட்டவில்லை. பாராலிம்பிக்கில் இந்தியாவுக்காக முதன்முதலில் கேனோவில் இறங்கிய பிராச்சி யாதவ் பயிற்சி எடுத்த ஊர் இது. காலைச் சாப்பாடு போஹாவும் ஜிலேபியும், போட்டி நாளில் ஜிலேபி வேண்டாம் என்று சொல்லியும் இரண்டு தின்றேன்.

500 மீட்டர் ஹீட்ஸில், அதாவது முதல் சுற்றில், எனக்கு எட்டாவது லேன். பக்கத்தில் மணிப்பூர்ப் பெண், அந்தப் பக்கம் மத்தியப் பிரதேசம். பின்னால் புறப்படுகிற மேடையில் ஒரு பையன் குப்புறப் படுத்து என் படகின் வாலைப் பிடித்திருந்தான், அவன் கை நடுங்குகிறதா என் படகு நடுங்குகிறதா தெரியவில்லை. விட்டதும் முதல் நூறு மீட்டர் நான் அவர்களோடு இருந்தேன், சத்தியமாக. இருநூற்றைம்பதில் பக்கவாட்டுக் காற்று. படகு இடப்பக்கம் இழுக்க, காலால் சுக்கானைத் திருத்தப் போய் உதையை மறந்துவிட்டேன், உதையை மறந்ததும் கை இழுக்க ஆரம்பித்தது, முந்நூற்றைம்பதில் கையில் ஈயம் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. 2 நிமிடம் 31 விநாடி. எட்டுப் பேரில் ஏழாவது. எட்டாவது பெண் வழியில் கவிழ்ந்துவிட்டாள், ஆக நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஊரில் தனியாக என் சிறந்த நேரம் 2:44. பதிமூன்று விநாடியை அந்த மணிப்பூர்ப் பெண்தான் பிடுங்கிக் கொடுத்தாள், அவளுக்கு என் பெயர்கூடத் தெரியாது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: பயணப்படி தருகிறோம் என்று ஒரு அலுவலகத்தில் எல்லா டிக்கெட்டும் ஜெராக்ஸோடு வாங்கி வைத்தார்கள். அடுத்த போட்டியே வரப்போகிறது, பணம் வரவில்லை.

இப்போது நெரிஞ்சிப்பேட்டையில் இருக்கிறேன். தண்ணீர் நிற்கிறது, காலையில் ஆறிலிருந்து ஏழரை வரை எனக்கு. பூலாம்பட்டி விசைப்படகு அண்ணன்கள் முதலில் அலையைக் கிளப்பிக்கொண்டு போனார்கள், அப்பிச்சி ஒரு நாள் கரையில் நின்று பேசிய பேச்சுக்குப் பிறகு என்னைத் தாண்டும்போது எஞ்சினைக் குறைத்துவிடுகிறார்கள். படகில் போகிற சனம் மொத்தமும் எட்டிப் பார்த்துக் கை காட்டுகிறது, குழந்தைகள் "அக்கா, அக்கா" என்று கூப்பிடுகின்றன. நான் திமிர் பிடித்தவள் என்று பூலாம்பட்டியில் பேச்சாம். துடுப்பில் இருந்து ஒரு கையை எடுத்தால் நேராகக் காவிரிக்குள்தான் போவேன் என்று யாராவது அவர்களிடம் சொன்னால் தேவலை.