ரீச்சர் அறிமுகப்படுத்திய பிரான்சிஸ் மரியன்

ஏ.எல். வகுப்பில் ஆங்கில இலக்கியம் படிப்பித்த ரீச்சரை எங்கள் காலத்துப் பிள்ளைகள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கலைவிழாவுக்கு யார் நாடகம் எழுதிக்கொண்டு போனாலும், “பிள்ளை, இந்த இடத்தைப் போய்ப் பார்த்தனியோ?” என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் ஹொலிவூட் திரைக்கதை எழுத்தாளர் பிரான்சிஸ் மரியனின் கதை வரும். “மறியலைப் பற்றி எழுத முதல் மறியலுக்கே போனவ!”

மரியன் 1888இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஓவியம் படித்தார், பத்திரிகையில் எழுதினார், பிறகு லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநரிடம் சினிமா கற்றார். 1917இல் நடிகை மேரி பிக்ஃபோர்டுக்கு எழுதிய படங்கள் இருவரையும் உச்சத்துக்குக் கொண்டுபோயின. நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் அவர் எழுத்து இருக்கிறது.

1928 நத்தாரன்று அவருடைய கணவர் பிரெட் தொம்சன் இறந்தார். காலில் ஆணி குத்தி ஏற்புவலி கண்டது. கையில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தத் துயரத்துக்குப் பிறகு எழுதியதுதான் ‘த பிக் ஹவுஸ்’ என்ற சிறைப் படம். அதற்காக சான் குவென்டின் சிறைக்குள் போய்க் கைதிகளைப் பார்த்தார். படத்தில், குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஆளைக் கொன்ற ஒரு வாலிபன் சிறைக்கு வருகிறான். உடைமைகளை வாங்கிக்கொண்டு, இலக்கம் கொடுத்து, இரண்டு பழைய குற்றவாளிகள் இருக்கும் அறைக்குள் மூன்றாவது ஆளாக அவனைத் தள்ளுகிறார்கள். நெரிசல் ஒரு நல்ல பிள்ளையை என்ன செய்யும் என்பது அங்கேயே விளங்கிவிடும். சாப்பாட்டு மண்டபத்தில் நல்ல சாப்பாடு கேட்டுக் கைதிகள் கிளர்ந்தெழும் காட்சி இன்றைக்கும் மனதை உலுப்புகிறது. 1930இல் அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒஸ்கார், எழுத்துக்காக ஒரு பெண் பெற்ற முதல் ஒஸ்கார். ‘த சாம்ப்’ கதைக்கு இன்னொன்றும் வந்தது.

என்னை அதிகம் கவர்ந்தது மேரி டிரெஸ்லருக்கு அவர் செய்ததுதான். மேடையில் பெயரெடுத்து, வயது போனதும் வேலையில்லாமல் இருந்த நடிகை அவர். மரியன் அவருக்காகவே பாத்திரங்கள் எழுதினார், கொம்பனிக்காரருடன் வாதாடினார். ‘அன்னா கிறிஸ்டி’யில் டிரெஸ்லர் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். அறுபதைத் தாண்டிய வயதில் ‘மின் அண்ட் பில்’ அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஒஸ்காரையே வாங்கிக் கொடுத்தது. ஒரு தோழி வேறென்ன செய்ய வேண்டும்?

மரியன் 1937இல் திரைக்கதை எழுதுவது பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். முழுத் திரைக்கதை ஒன்றையும் அதில் சேர்த்திருக்கிறார். இங்கே சங்க விழாவுக்கு நாடகம் எழுதும் தங்கச்சிமார் அதைத் தேடி வாசியுங்கள். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.