விளக்குக் கம்பத்தின் அடித்தளமும் அதைச் சுற்றியுள்ள மண்ணும்

தெருவிளக்குக் கம்பம் காற்றில் சாயாமல் நிற்பது அடியில் கொட்டிய கான்கிரீட்டின் கனத்தால்தான் என்ற எண்ணம் கட்டுமானத் துறையில் பலருக்கு இருக்கிறது. சிறிய பணிதானே என்று, வேறொரு ஊருக்காகத் தயாரித்த வரைபடத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் வழக்கமும் பெரும்பாலும் இந்த எண்ணத்திலிருந்தே வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு வளாகத்துக்கு 9 மீட்டர் எண்கோணக் கம்பங்களை நிறுத்துவதாக வைத்துக்கொண்டு, இந்தக் கணக்கை ஒருமுறை முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம்.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதன்படி அடிப்படைக் காற்று வேகம் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் வினாடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வதால், கோயம்புத்தூருக்குப் போட்ட வரைபடத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் கம்பத்தின் மீது விழும் சுமை ஏறத்தாழ 64 விழுக்காடு கூடிவிடும். நிலப்பரப்பு, உயரம் போன்ற பிற காரணிகளை 1 என எடுத்துக்கொண்டால், சென்னையில் ஒரு சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் அழுத்தம் வருகிறது. அடியில் 155 மில்லிமீட்டரும் நுனியில் 70 மில்லிமீட்டரும் அகலமுள்ள கம்பம், அதன் நுனியில் கையும் விளக்குமாகச் சுமார் 0.2 சதுர மீட்டர் பரப்பு என்று வைத்து, கம்பத்தின் வடிவத்துக்காக 1.2 என்ற காரணியையும் பெருக்கினால், மொத்தக் கிடைவிசை 2.1 கிலோநியூட்டன், தரைமட்டத்தில் திருப்புத்திறன் (விசையை அது செயல்படும் உயரத்தால் பெருக்கிய, கவிழ்க்கும் விளைவு) சுமார் 10 கிலோநியூட்டன் மீட்டர். விசை ஏறத்தாழ 215 கிலோ எடைக்குச் சமம்தான். ஆனால் அது சராசரியாகத் தரையிலிருந்து நாலரை மீட்டருக்கும் மேலே செயல்படுவதுதான் சிக்கல்.

இனி அடித்தளத்துக்கு வருவோம். 600 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் ஆழமும் கொண்ட வட்டக் கான்கிரீட் தூணின் எடை சுமார் 10 கிலோநியூட்டன். கம்பத்தையும் சேர்த்து 11 என்று கொண்டாலும், தூணின் அடி விளிம்பைப் பற்றி அந்த எடை தரும் எதிர்ப்பு 3.3 கிலோநியூட்டன் மீட்டர்தான். கவிழ்க்க வரும் திருப்புத்திறனோ அதே இடத்தில் 13க்கு மேல். ஆக, எடை தாங்குவது கால் பங்கு மட்டுமே. மீதி முக்கால் பங்கையும் தாங்குவது தூணின் பக்கவாட்டில் அழுந்தி நிற்கும் மண். அடித்தளத்தின் அளவை முடிவு செய்யும்போது நான் முதலில் கேட்பது மண்ணின் தன்மையைத்தான்; கான்கிரீட்டின் அளவு அதற்குப் பிறகே வரும்.

மணலில் நிற்கும் குட்டையான தூணுக்கு, மண் பொறியியலாளர் பெங்ட் புரோம்ஸ் 1964இல் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது. அதில் தூணின் தாங்குதிறன் விட்டத்துக்கு நேர்விகிதத்திலும், ஆழத்தின் ஏறக்குறைய மூன்றாம் அடுக்குக்கு ஏற்பவும் உயர்கிறது. நமது தூணின் விட்டத்தை 600இலிருந்து 750 மில்லிமீட்டராக்கினால் தாங்குதிறன் 25 விழுக்காடு கூடும். கான்கிரீட் செலவோ 56 விழுக்காடு கூடும். விட்டத்தைத் தொடாமல் ஆழத்தை மட்டும் 1.8 மீட்டராக்கினால், 20 விழுக்காடு கூடுதல் கான்கிரீட்டில் தாங்குதிறன் 65 விழுக்காடு உயர்கிறது. இவ்வளவு தெளிவான கணக்கு இருக்கும்போது, அகலமாகவும் ஆழமில்லாமலும் சதுரக் கட்டைகளை ஊற்றிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. பாறை குறுக்கிட்டாலோ, அடியில் குடிநீர்க் குழாய் ஓடினாலோ மட்டும் அகல அடித்தளத்துக்குப் போகலாம்.

ஆழத்தை வலியுறுத்த இன்னொரு காரணம் நிலத்தடி நீர். நடுத்தர மணலில், உலர்ந்த நிலையில், 1.5 மீட்டர் தூண் தேவையைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் தரையைத் தொடும் அளவுக்கு உயர்ந்தால், மணலின் பயனுறு எடை, அதாவது நீரின் மிதப்பு விசை போக மிஞ்சும் எடை, பாதிக்கும் கீழே குறைந்து, அந்த 4 மடங்கு 2 மடங்குக்கும் கீழே இறங்கிவிடும். நம் கடற்கரையில் பெரும் புயல்கள் வருவதும் அந்த மாதங்களில்தான்: தானே 2011 டிசம்பர் இறுதியில், வர்தா 2016 டிசம்பரில், கஜா 2018 நவம்பரில். ஆகவே கோடைக்காலத்தில் மண் பரிசோதனை செய்து அந்த எண்ணை வைத்தே கணக்கை முடிப்பது சரியில்லை. 1.8 மீட்டர் ஆழமென்றால் நீர் நிறைந்த மணலிலும் 3 மடங்கு கிடைக்கிறது.

இந்தக் கணக்குகள் எல்லாமே, கான்கிரீட்டைச் சுற்றி இருப்பது கலைக்கப்படாத இயற்கை மண் என்று நம்பித்தான் போடப்படுகின்றன. களத்தில் இதுதான் அதிகம் மீறப்படுகிறது. ஜேசிபி வைத்துத் தோண்டினால் தேவையைவிட இரு மடங்கு அகலத்தில் குழி விழும். நடுவில் பலகை அடைத்துத் தூணை ஊற்றியபின், சுற்றியுள்ள இடைவெளியில் தோண்டிய மண்ணையும் செங்கல் துண்டுகளையும் தள்ளி மூடிவிடுவார்கள். அப்படி மூடிய ஓர் இடத்தில் 12 மில்லிமீட்டர் கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தேன்; முழங்கை நீளத்துக்கு எளிதாக இறங்கியது. ஓரடி தள்ளி, தோண்டப்படாத மண்ணில் அதே கம்பி ஒரு சாண் கூட இறங்கவில்லை. வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கும் ஒரே எண்தான் போடப்பட்டிருந்தது. டிராக்டரில் பூட்டிய துளைக்கருவியால் தேவையான விட்டத்தில் மட்டும் துளைத்து, மண்ணையே அச்சாகக் கொண்டு ஊற்றுவதுதான் சரியான முறை. மணல் சரியும் இடத்தில், கிணற்றுக்கு இறக்குவதுபோல் சிமென்ட் உறைகளை உள்ளே தோண்டித் தோண்டி இறக்கலாம். ஜேசிபியைத் தவிர வேறு வழியில்லை என்றால், குழியின் இடைவெளி முழுவதையும் சிமென்ட் குறைவாகச் சேர்த்த மெலிந்த கான்கிரீட்டால் நிரப்பிவிடுவது நல்லது.

மற்றவை ஓரளவு எளியவை. கடற்கரைச் சூழலை, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கடுமையானது என வகைப்படுத்துகிறது. எனவே கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30க்குக் (சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன்) குறையக் கூடாது. நேராக மண்ணில் ஊற்றும்போது கம்பிக்கூட்டுக்கு வெளியே 75 மில்லிமீட்டர் மூடு கான்கிரீட் வைக்கிறேன். நான்கு போல்ட்டுகள் 200 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 25 கிலோநியூட்டன் இழுவிசை வரும். 20 மில்லிமீட்டர் போல்ட்டே அதைத் தாங்கும். ஆனால் உப்புக்காற்றில் துரு அரிப்பதற்கும் இடம் கொடுத்து 24 மில்லிமீட்டரில், துத்தநாகம் பூசியதாக வாங்க வேண்டும். கேபிள் நுழையும் பிவிசி வளைகுழாயைக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே கம்பிக்கூட்டுக்குள் கட்டிவிட வேண்டும். பின்னர் உளியால் உடைத்து வழி செய்த தூணை நான் ஏற்பதில்லை. தூணின் தலை தரைக்கு மேல் 150 மில்லிமீட்டராவது உயர்ந்து, தண்ணீர் தேங்காதபடி வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும்.

கம்பம் நின்றபிறகு அதில் கட்டப்படும் பேனர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்புச் சட்டத்தில் அடித்த மூன்றடிக்கு ஆறடி பேனரை 4 மீட்டர் உயரத்தில் கட்டினால், கணக்கில் கொண்ட அதே சென்னைக் காற்றில், அதே 1.2 காரணியுடன், அது மட்டுமே 12 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புத்திறனைச் சேர்க்கிறது. கம்பமும் விளக்கும் சேர்ந்து தருவதைவிட இது அதிகம். பேனர் கட்டுவார்கள் என்று தெரிந்த இடமானால் உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு அந்தப் பரப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். கட்டமாட்டோம் என்றால், அதை எழுத்தில் வாங்கி வரைபடத்திலேயே குறித்துவிடுகிறேன்.